சவுக்காரம் போட்டுக் கழுவின சாட்சி

வணக்கம்னு ஆரம்பிக்கணுமாம். வணக்கம். அது ஆச்சு.

இனி நான் நர்ஸ் வேலைக்கி புதுசா வந்த ஒங்களுக்கு நாலு வார்த்த சொல்லணும்னு பெரிய நர்ஸ் மிஸ் சொல்லிட்டாங்க. இருவது வருசம் கொழுந்து பறிச்சேன். பதினெட்டு வருசம் இந்த ஆஸ்பத்திரியில கூட்டினேன், தொடச்சேன், படுக்க விரிச்சேன், ஆளத் தூக்கினேன், தூக்கின ஆளு ஏசினதயும் வாங்கிக்கிட்டேன். போன மாசம் பென்சன். படிச்சது மூணாம் வகுப்பு, அதுலயும் பாதி நாளு தங்கச்சிய இடுப்புல வச்சிக்கிட்டு பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னதுதான். அதனால ஊசி எங்க ஏத்துறது, மருந்து எவ்ளோ கலக்குறதுன்னு என்கிட்ட கேக்காதீங்க. அதுக்கு ஒங்ககிட்ட புத்தகம் இருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறப்ப எத நம்புறது, எத நம்பக் கூடாதுன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். அதுவும் ஒரு தப்பு பண்ணித்தான் தெரிஞ்சிக்கிட்டேன்.

அவசர அறையில அலமாரி ரெண்டாவது தட்டுல ஒரு பிஸ்கட் டின் இருக்குல்ல? மூடி மேல காயிதம் ஒட்டி, பேனா மையில தடிப்பா எழுதி இருக்குமே, "இதைக் கழுவக் கூடாது"ன்னு. போன கெழம நான் வந்தப்ப ஒங்கள்ல ரெண்டு பேரு அத வாசிச்சிட்டு சிரிச்சீங்க. "ஆஸ்பத்திரியில கழுவாதன்னு எழுதி வச்ச சாமான் இது ஒன்னுதான்டி"ன்னு ஒருத்தி சொன்னா. யாருன்னு சொல்ல மாட்டேன், ரெட்ட சட போட்டவ. சிரிங்கம்மா. அந்த காயிதத்த எழுதினதே எனக்காகத்தான்.

தொண்ணூத்தி நாலோ அஞ்சோ இருக்கும். அப்ப இங்க ஒரு டாக்டர், யாழ்ப்பாணத்து ஆளு. பேரு வேணாம், எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஒல்லியா, நெட்டையா, குளிருக்கு ரெண்டு சுவெட்டர் ஒன்னுக்கு மேல ஒன்னு போட்டுக்கிட்டு வருவாரு. தேயில செடிய மொத மொதலா பாத்தவரு. "இதென்ன அம்மா, எல்லாம் ஒரே உயரத்துக்கு வளர்ந்திருக்கு?"ன்னு கேட்டாரு. "நாங்கதாங்கய்யா அப்புடி நிக்கச் சொல்லியிருக்கோம், ஸ்கூல் புள்ளைங்க மாதிரி"ன்னேன். ஒரு நிமிசம் நம்பிட்டாரு மனுசன். அப்புறம் விசயம் வெளங்கி, மொகத்த திருப்பிக்கிட்டு போயிட்டாரு. சிரிக்கல. அவரு சிரிச்சி இந்த ஆஸ்பத்திரியில யாரும் பாத்ததில்ல. நானும் ஒரு வருசமா என்னென்னமோ சொல்லிப் பாத்தேன். நடக்கல.

அவருக்கு ஒரு பழக்கம். யாரு எது சொன்னாலும், "எப்பிடித் தெரியும்?"னு கேப்பாரு. புள்ளைக்கு காய்ச்சல் கொதிக்குதுங்கன்னு தாய்க்காரி சொன்னா, "எப்பிடித் தெரியும், தொட்டுப் பாத்தனீங்களோ, அளந்து பாத்தனீங்களோ?" ஆளு குடிச்சிருக்காருங்கன்னு நான் சொன்னா, "எப்பிடித் தெரியும்?" நாத்தம் வருதேய்யான்னா, "குடிச்சவனுக்குத் தலையில அடிபடக் கூடாதோ?"ன்னு டார்ச்ச எடுத்துக்கிட்டு கண்ண பாக்கப் போயிருவாரு. எங்களுக்கு எரிச்சலா இருக்கும். ஒரு தடவ அப்புடி வந்த ஒரு குடிகாரனுக்கு மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்துச்சு. அன்னைலருந்து நான் நாத்தத்த மட்டும் வச்சி ஆள எட போடுறதில்ல.

லீவுல போயிட்டு வந்தப்ப அவரு ஒரு அட்டப் பொட்டி கொண்டாந்தாரு. உள்ள கண்ணாடிக் குழா, ஒன்னொன்னும் வெரல் நீளம். மேல ஒரு வரிசை, நடுவுல அட்ட, கீழ ஒரு வரிசை. பாம்பு கடிச்சி வந்தா கொஞ்சம் ரத்தம் எடுத்து இதுல விட்டு, ஆட்டாம அசைக்காம இருவது நிமிசம் மேசையில வைக்கணுமாம். அப்புறம் மெல்ல சாச்சிப் பாக்கணும். ரத்தம் ஒறஞ்சி நின்னா, விசம் ரத்தத்த கெடுக்கல. தண்ணி மாதிரி ஓடினா, கெடுத்திருச்சு, மருந்து யோசிக்கணும். மிசினு இல்ல, கரண்டு இல்ல, கண்டிக்கு அனுப்பத் தேவ இல்ல. இத அவரு நம்ம சிங்கள நர்ஸ் மிஸ்ஸுக்கு ஒக்கார வச்சி சொல்லிக் குடுத்தாரு. எனக்கு சொல்லல. கூட்டுறவளுக்கு எதுக்கு சொல்லணும்? இதுல அவரு பங்கு தப்பு அது. அவரே பின்னால சொன்னாரு, நானா சொல்லல.

என் பங்கு தப்ப கேளுங்க. ஒரு சனிக்கெழம அலமாரி தொடைக்கிறப்ப பொட்டிய தொறந்தேன். குழா மேல அட்டத் தூசி. எனக்கு தூசிய கண்டா கை அரிக்கும். ஆஸ்பத்திரி சாமானு இப்புடியா இருக்குறதுன்னு, வாளியில சவுக்காரத் தூளு போட்டு, நொர பொங்க, குச்சியில துணி சுத்தி, குழாய்க்குள்ள விட்டு தேச்சி தேச்சி கழுவினேன். மேல் வரிசை முழுக்க. வெயில்ல காய வச்சி திருப்பி அடுக்கினா, பாக்கணுமே, மின்னுது. கீழ் வரிசையயும் கழுவியிருப்பேன். அந்நேரம் பாத்து தேத்தண்ணி மணி அடிச்சிருச்சு. சோம்பேறித்தனத்துல, இன்னொரு நாளைக்கி பாத்துக்குவோம்னு மூடி வச்சிட்டேன். அந்த இன்னொரு நாளு வரவே இல்ல, முருகன் புண்ணியம்.

அதுக்கு மறு வாரமோ என்னமோ, காலயில பத்து மணி இருக்கும், பனி இன்னும் வெலகல, மேல் தோட்டத்துக் கொழுந்து லொறி ஆரன் அடிச்சிக்கிட்டே வாசலுக்கு வந்துச்சு. கொழுந்து சாக்கு மேல ஒரு பொம்பள. பாக்கியம். எனக்கு தெரிஞ்ச புள்ள, நான் பறிச்ச காலத்துல பக்கத்து நெரயில நிப்பா. முப்பது வயசு, ரெண்டு புள்ள. சின்ன வயசுலருந்து மூச்சு இழுப்பு வேற. கணுக்காலுக்கு மேல பாம்பு கடிச்சிருக்கு. கடிச்ச எடத்துக்கு மேல அவ கூடைக் கயித்தாலயே இறுக்கி கட்டியிருக்காங்க, காலு கத்தரிக்கா கலர்ல இருக்கு. புருசன் சிவலிங்கம் அவ தலைய மடியில வச்சிக்கிட்டு வெளிறிப் போயி ஒக்காந்திருக்கான். பின்னாலயே நடந்தும் ஓடியும் மொத்த மலையும் வந்துருச்சு. முன்னுக்கு யூனியன் தலைவரு. வெள்ள வேட்டி, கையில மின்னுற கடிகாரம், சத்தம் இருவது பேரு சத்தம்.

"டாக்டர்! பொலங்கா கடிச்சிருக்கு! ஒடன பாம்பு ஊசிய போடுங்க!"

பொலங்கான்னா கண்ணாடி விரியன். டாக்டர் கயித்த அவுத்துக்கிட்டே கேட்டாரு. "பொலங்கா எண்டு எப்பிடித் தெரியும்?"

"பாம்பு கையில இருக்குங்க!"ன்னு தலைவரு ஒரு உரச் சாக்க எடுத்து தரையில கொட்டினாரு.

கொட்டினதுல பாம்பு இல்ல, பாம்புத் துண்டு. ஏழு துண்டு. நம்ம ஆளுங்க பாம்ப அடிச்சா ஒருத்தன் அடிக்கிறதில்லயே, அத்தன பேருக்கும் வீரம் வரும், ஒவ்வொருத்தனும் ஒரு வெட்டு. அது கூட போகட்டும். தலைய காணோம்.

"தலை எங்க?"ன்னாரு டாக்டர்.

"எரிச்சிட்டோங்க"ன்னான் சிவலிங்கம். "எரிக்காட்டி சோடி தேடிக்கிட்டு வருமுங்களே."

டாக்டரு மொகத்த பாத்தேன். யாழ்ப்பாணத்துலருந்து இம்புட்டு தூரம் வந்து, தலை இல்லாத பாம்ப வச்சிக்கிட்டு மனுசன் என்ன செய்வாரு? தலை இருந்தா மூக்க பாத்தே சொல்லியிருப்பாரு. நம்ம மலையில அதிகமா கடிக்கிறது கோப்பி விரியன், சிங்களத்துல குணகட்டுவான்னு சொல்றது. சின்னது, மூக்கு மேல தூக்கி இருக்கும். இந்த ஊசி அதுக்கு கேக்கவே கேக்காது. ஊசி செஞ்சது வேற பாம்புங்களுக்கு. இது எல்லாம் அப்ப எனக்கு தெரியாது. எனக்கு தெரிஞ்சது அன்னிக்கி அவரு மிஸ்கிட்ட மெதுவா சொன்னதுதான். "கண்ணாடி விரியன் எண்டால் இந்த மருந்து உயிரைக் காப்பாத்தும். கோப்பி விரியன் எண்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனா இழுப்புக்காரிக்கு இந்த மருந்தே மூச்சை அடைச்சுப் போடும்."

அம்புலன்ஸ் பிரசவக் கேசு ஒன்ன ஏத்திக்கிட்டு நுவரெலியாவுக்கு போயிருந்துச்சு. திரும்பி வர ரெண்டு மணி நேரம்.

ரத்தம் எடுத்தாங்க. மிஸ் பொட்டியத் தொறந்து, மேல் வரிசையிலருந்து, நான் கழுவி மின்ன வச்ச குழா ஒன்ன எடுத்தாங்க. எனக்கு பெருமையா இருந்துச்சு, பாருங்க. ரத்தத்த விடுறப்ப ஊசி நுனியிலருந்து ரெண்டு சொட்டு தரையில விழுந்துச்சு. அப்புறமா தொடைக்கலாம்னு விட்டுட்டேன்.

இருவது நிமிசம். வெளியில தலைவரு கூட்டத்துக்கு பேச்சு நடத்துறாரு. டாக்டர் பாக்கியத்தோட பல்லு ஈற பாத்தாரு, கண்ண பாத்தாரு, நாடி பாத்தாரு. ஒன்னும் இல்ல, கால் வீக்கமும் வலியும் மட்டும். நேரம் ஆனதும் குழாய மெல்ல சாச்சாரு.

ஓடுச்சு. தண்ணி மாதிரி.

மிஸ் "அய்யோ"ன்னாங்க. டாக்டர் குழாய மேசையில வச்சாரு. அப்புறம் "மருந்தை எடுங்கோ"ன்னாரு. மிஸ் அலமாரியிலருந்து குப்பி குப்பியா எடுத்து வைக்கிறாங்க. மூச்சு அடைச்சா குத்துறதுக்கு வேற ஊசி ஒன்னயும் ரெடியா வச்சாங்க. கதவிடுக்குல பாத்துக்கிட்டு இருந்த தலைவரு, "இப்பத்தான் டாக்டரு வேல பாக்குறாரு"ன்னு கூட்டத்துக்கு அறிவிச்சாரு. பாக்கியம் என் கையப் புடிச்சிக்கிட்டா. "அக்கா, நெஞ்சு அடைக்கும்னு சொல்றாரே, எனக்கு ஏற்கனவே அடைக்குமே"ன்னா. "கூட்டத்த பாத்தா எனக்கே அடைக்குதுடி"ன்னேன்.

அவ கைய விட்டுட்டு, என் வேலைய பாப்போம்னு தரையில விழுந்த ரத்தத்த தொடைக்க குனிஞ்சேன்.

துணியில ஒட்டிக்கிட்டு, தோலு மாதிரி வழிச்சிக்கிட்டு வந்துச்சு. ஒறஞ்சி போயிருந்துச்சு.

அப்புடியே குந்திக்கிட்டே இருந்தேன். ஒரே ஆளு ரத்தம், ஒரே ஊசியிலருந்து வந்தது. குழாய்க்குள்ள தண்ணியா ஓடுது, தரையில கட்டியா நிக்குது. ரெண்டுல ஒன்னு பொய் சொல்லுது. தரைய நான் காலயிலருந்து தொடைக்கவே இல்ல. குழாய?

குழாயத்தான் நான் சவுக்காரம் போட்டு தேச்சிருக்கேனே. நான் எத்தன வருசமா ரத்தத் துணி தொவைக்கிறவ? பிரசவத்துத் துணிய சவுக்காரத் தண்ணியில ஒடன போட்டா ரத்தம் ஒறையாது, கரஞ்சி ஓடிரும். போடாம விட்டாத்தான் கட்டிப் புடிச்சிக்கும். அது எனக்கு தெரியும். புத்தகம் எழுதினவருக்கு எப்புடி தெரியும்னு எனக்கு தெரியாது, எனக்கு கை வழியா தெரியும்.

புள்ளைங்களா, இங்க நான் ஒங்ககிட்ட உண்மைய சொல்லணும். வாயத் தொறக்கல. அப்ப நான் தற்காலிகம். வேலைய நிரந்தரமாக்குற காயிதம் கொழும்புல ஏதோ மேசையில கெடக்குது. அதுக்கு முன்னாடி மாசந்தான் மிஸ் என்ன பத்தி ஒரு தடவ எழுதி அனுப்பியிருந்தாங்க, ஒரு நோயாளிய ஏசினதுக்கு. அவன் ஏசினதுக்குத்தான் நான் ஏசினேன், ஆனா அத எழுதல. வெளியில தலைவரு, கூட்டம், மொத்த மலை. "கழுவினது நாந்தான்"னு சொன்னா இந்த லயத்து வீடுங்க, அந்த லயத்து வீடுங்க, நல்லதண்ணி ஊரு வரைக்கும் என் பேரு போகும். ஒருவேள நான் நெனைக்கிறது தப்பா இருந்தா? ஊசி போடாம வச்சி பாக்கியம் செத்துட்டா?

மிஸ் மொதக் குப்பிய ஒடச்சாங்க. அந்த சத்தம் கேட்டுச்சு.

"அய்யா"ன்னேன். "அந்த குழாய நான் சவுக்காரத்துல கழுவிட்டேங்க."

மிஸ்ஸோட கண்ணு இம்புட்டு பெருசாச்சு.

டாக்டர் திரும்பிப் பாத்தாரு. "எப்பிடித் தெரியும்?"னு கேக்கல. அது ஒன்ன மட்டும் கேக்கல. "எப்ப?"ன்னாரு.

"போன சனிக்கெழமங்க. நொர பொங்க கழுவினேங்க. அதுக்கு மேல, இங்க பாருங்க, தரையில விழுந்தது ஒறஞ்சிருக்கு. அவளுக்கு ஊசி குத்தின எடத்துல வச்ச பஞ்சையும் பாருங்க, காஞ்சி ஒட்டிக்கிச்சு. விசம் ரத்தத்துல இருந்தா அது கசிஞ்சிக்கிட்டே இருக்கணுமே?"

அவரு எந்திரிச்சி வந்து, தரையில என் பக்கத்துல குந்தினாரு. ரெண்டு சுவெட்டரோட. வெரலால அந்த ரத்தத்த தொட்டாரு. பஞ்ச மெல்ல எடுத்துப் பாத்தாரு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"கழுவாத குழாய் இருக்கோ?"

"கீழ் வரிசை பூரா இருக்குங்க. தேத்தண்ணி மணி அடிச்சதால விட்டுட்டேன்."

புதுசா ரத்தம் எடுத்தாங்க. கீழ் வரிசைக் குழா. திரும்ப இருவது நிமிசம். ஊசி குப்பிய எல்லாம் தட்டுல அடுக்கி பாக்கியத்துக்கு பக்கத்துல வச்சிட்டு, சிவலிங்கத்த உள்ள கூப்புட்டாரு டாக்டர்.

"தம்பி, நான் முதல் செய்து பாத்தது பிழையாப் போயிருக்கலாம். மருந்தைப் போட்டாலும் ஆபத்து, தேவை எண்டால் போடாட்டியும் ஆபத்து. அதாலை இருவது நிமிசம் பொறுத்துப் பாப்பம். அதுக்கிடையிலை எங்கையாவது ரத்தம் கசிஞ்சால், அந்த நிமிசமே போடுவன். நான் இந்தக் கட்டிலை விட்டு அசைய மாட்டன்."

சிவலிங்கத்துக்கு அவரு பேச்சுல பாதி வெளங்கியிருக்காது. என்ன பாத்தான். நான் தலைய ஆட்டினேன். "சரிங்க"ன்னுட்டு வெளிய போயிட்டான்.

தலைவரு விடுவாரா? கதவ தள்ளிக்கிட்டு உள்ள வந்துட்டாரு.

"என்னங்க டாக்டர் இது? கூட்டுற பொம்பள பேச்ச கேட்டுக்கிட்டு மருந்த நிப்பாட்டுறீங்களாமே? இந்தம்மாவுக்கு என்ன தெரியும்? நாளைக்கி மலைக்கி வேலைக்கின்னு ஒரு ஆளு எறங்க மாட்டாங்க, சொல்லிட்டேன்!"

டாக்டர் வாயத் தொறக்கப் போனாரு. அவரு வாயத் தொறந்தா "எப்பிடித் தெரியும்?"னு கேப்பாரு, தலைவரு இன்னும் கொதிப்பாரு. நான் குறுக்க விழுந்தேன்.

"தலைவரே, நல்ல நேரத்துல வந்தீங்க. இங்க சொவர் கடிகாரம் ஓடுறதில்ல. மிஸ்ஸோட கடிகாரம் மழையில நனஞ்சி நின்னுருச்சு. ஒங்க கையில இருக்குறது ஒன்னுதான் சரியா ஓடுற கடிகாரம். இருவது நிமிசம், ஒரு நிமிசம் கூடவும் கூடாது கொறையவும் கூடாது. நேரத்த நீங்கதான் பாத்து சொல்லணும். ஒரு உசுரு இதுல நிக்குது."

மனுசன் அப்புடியே நின்னாரு. கடிகாரத்த பாத்தாரு. வேட்டிய சரி பண்ணினாரு. அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, "அங்க என்னடா சத்தம்? இங்க நேரம் பாக்குறோம்ல!"ன்னு ஒரு அதட்டு. மொத்த மலையும் கப்சிப்.

நான் இந்த ஆஸ்பத்திரியில பாத்த வைத்தியம் அது ஒன்னுதான். மிஸ்ஸோட கடிகாரம் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவங்க கைய பின்னால கட்டிக்கிட்டாங்க, அவங்களும் விசயகாரிதான்.

இருவது நிமிசம் எவ்ளோ நீளம்னு ஒங்களுக்கு தெரியாது. என் வேல, பாக்கியத்தோட பல்லு ஈற நிமிசத்துக்கு ஒரு தடவ பாக்குறது. "வாயத் தொற", "மூடு", "தொற". அஞ்சாவது தடவைக்கி அவளுக்கு கோவம் வந்துருச்சு.

"என்னக்கா, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி பல்லு எண்ணிக்கிட்டே இருக்கீங்க?"

"ஒனக்கு ஒரு பல்லு சொத்தைடி. கலியாணத்துக்கு முன்னாடி அத சிவலிங்கத்துகிட்ட சொன்னியா?"

"அவருக்கு மூணு சொத்தை. அவரு சொன்னாரா?"

டாக்டர் குழாய விட்டு கண்ண எடுக்கல. தலைவரு "எட்டு"ன்னாரு. "பதினொன்னு"ன்னாரு. "பதினாலு"ன்னாரு. அவரு குரலு கொறஞ்சிக்கிட்டே வந்துச்சு. பதினெட்டு ஆனப்ப அவரு நெத்தியில வேர்வ. மழைக்காலத்துல! அப்பத்தான் எனக்கு பட்டுச்சு, இந்தாளும் பயந்துதான் கத்தியிருக்காரு. அவரு தோட்டத்துப் புள்ள, அவரு சும்மா நிக்க முடியாது, வேற என்ன செய்யிறதுன்னு தெரியல. வெளியில கத்துறவங்கள்ல முக்காவாசி பேரு அப்புடித்தான்.

"இருவது"ன்னாரு.

டாக்டர் குழாய எடுத்து சாச்சாரு. ஓடல. இன்னும் சாச்சாரு. ஓடல. தலைகீழா கவுத்தாரு. ரத்தம் அடியில ஒட்டிக்கிட்டு, எறங்க மாட்டேன்னு நின்னுச்சு.

அப்ப நடந்த ஒன்ன கடைசிக்குன்னு வச்சிருக்கேன். மத்தத மொதல்ல சொல்லிடுறேன்.

ஊசி போடல. ஆனா "அவ்ளோதான், வீட்டுக்கு போ"ன்னும் அனுப்பல. அத நல்லா கேட்டுக்குங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப குழா, திரும்ப இருவது நிமிசம். கோப்பி விரியன்னாலும் சில ஆளுக்கு கிட்னிய தாக்குமாம், அதனால மூத்திரத்த அளந்து அளந்து நாந்தான் சொல்லணும். "அக்கா, இதயுமா அளப்பீங்க?"ன்னு பாக்கியம் வெக்கப்பட்டா. "நல்லா போடி, டாக்டருக்கு சந்தோசம்"னேன். நாலாவது நாளு வீக்கம் வத்தி, நொண்டிக்கிட்டு, லொறி முன் சீட்டுல வீட்டுக்குப் போனா. இன்னிக்கும் இருக்கா, பேரன் எடுத்துட்டா.

பின்னால ஒரு தடவ, அதே மலையில அடிச்ச பாம்பு ஒன்ன தலைவரே கொண்டாந்தாரு. முழுசா, தலையோட, ஒரு வெட்டு இல்லாம. "ஒருத்தனையும் தொட விடல டாக்டர்"ன்னாரு. மூக்கு மேல தூக்கி இருந்துச்சு. கோப்பி விரியன். அன்னைலருந்து அந்த தோட்டத்துல பாம்ப துண்டு போடுறதும் இல்ல, தலைய எரிக்கிறதும் இல்ல. சோடி தேடி வந்துச்சான்னு கேட்டா, இதுவரைக்கும் வரல.

டாக்டர் என்ன ஏசினாரான்னு கேப்பீங்க. மறுநாளு கூப்புட்டு ஒக்காரச் சொன்னாரு. மிஸ்ஸுக்கு சொல்லிக் குடுத்தத எல்லாம் எனக்கும் மொதல்லருந்து சொல்லிக் குடுத்தாரு. "உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என்ரை பிழை"ன்னாரு. கழுவின குழாய எல்லாம் வீசிட்டு, மிச்சத்த பிஸ்கட் டின்ல போட்டு, காயிதம் எழுதி ஒட்டினாரு. "என்னங்கய்யா எழுதியிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "உங்கட பேர்"ன்னாரு, மொகத்த வச்ச மாதிரியே. எனக்குத்தான் வாசிக்க வராதே, நம்பிட்டேன்! ஒரு மாசமா வர்றவங்க போறவங்களுக்கு எல்லாம் காட்டினேன், டாக்டரு என் பேர எழுதி வச்சிருக்காருன்னு. மிஸ் ஒரு நாளு வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சி, வாசிச்சி காட்டினாங்க. தேயில செடிக்கு பழி வாங்கிட்டாரு மனுசன்.

நிரந்தரக் காயிதம் அதே வருசம் வந்துச்சு. மிஸ் என்ன பத்தி ரெண்டாந்தடவ எழுதி அனுப்பியிருந்தாங்களாம். என்ன எழுதினாங்கன்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல.

இப்ப ஒங்க விசயத்துக்கு வர்றேன். நீங்க தப்பு பண்ணுவீங்க. நல்ல மனசோட, மின்ன மின்ன பண்ணுவீங்க, என்ன மாதிரி. பண்ணினது தெரிஞ்சா, மருந்து ஒடம்புக்குள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. போன பின்னாடி சொன்னா அது மன்னிப்பு, முன்னாடி சொன்னாத்தான் அது வைத்தியம். பெரியவங்களா வரப்போறவங்களுக்கு ஒன்னு: சொல்றவள ஏசாதீங்க. அன்னிக்கி அவரு என்ன ஒரு வார்த்த ஏசியிருந்தா, அடுத்த தப்ப நான் எவனுக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொன்னு. சத்தம் பெருசா வர்ற பக்கமே ஓடாதீங்க. குளவி கொட்டி ஒரு மலையே வந்த அன்னிக்கி, கத்தினவங்கள எல்லாம் விட்டுட்டு, பெஞ்சி மூலையில சத்தமில்லாம ஒதடு வீங்கி ஒக்காந்திருந்த ஒருத்திய டாக்டரு மொதல்ல தூக்கினாரு. அவளுக்குத்தான் மூச்சு நின்னுக்கிட்டு இருந்துச்சு. கத்துறதுக்கும் மூச்சு வேணும்ல.

சரி, அந்த கடைசி விசயம்.

குழாய கவுத்துப் பிடிச்சிக்கிட்டு டாக்டர் கொஞ்ச நேரம் நின்னாரா. மிஸ் கண்ண தொடச்சிக்கிட்டாங்க. தலைவரு கடிகாரத்தயே பாத்துக்கிட்டு இருக்காரு, இருவத்தொன்னு ஆயிருச்சு, சொல்லவா வேணாமான்னு தெரியாம. டாக்டர் குழாய பத்திரமா வச்சிட்டு ஸ்டூல்ல ஒக்காந்தாரு.

"அம்மா"ன்னாரு. "ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?"

"கெடைக்குமுங்கய்யா"ன்னேன். "கோப்பைய கழுவிட்டு ஊத்தவா, கழுவாம ஊத்தவா?"

என்ன பாத்தாரு. குழாய பாத்தாரு. திரும்ப என்ன பாத்தாரு. மொதல்ல தோளு குலுங்குச்சு. அப்புறம் வந்துச்சு பாருங்க சிரிப்பு, ஒரு வருசமா அடக்கி வச்ச சிரிப்பு, சன்னலு கண்ணாடி அதிர்ற மாதிரி. கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு.

வெளியில வராந்தாவுல சிவலிங்கம் நின்னுக்கிட்டு இருந்தான். அவனுக்கு குழாயும் தெரியாது, ரத்தம் ஒறஞ்சதும் தெரியாது, ஒருத்தரும் போயி ஒன்னும் சொல்லல. டாக்டரு சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. மொத்த மலையும் திரும்பி அவன பாத்துச்சாம். அவன் சொவத்துல சாஞ்சி, அப்புடியே வழுக்கிக்கிட்டு தரையில ஒக்காந்து, "பாக்கியம் பொழச்சிட்டா"ன்னானாம்.